பன்றியைச் சுடும் தோட்டாவில் காரீயம் வேண்டாம்

தேனி மாவட்டச் சுருளிப்பட்டியில் இரவுக் காவல் இல்லாமல் வாழையும் கடலையும் முழுசாக வீடு வந்து சேராது. மேகமலைக் காட்டிலிருந்து இறங்கும் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கன்றுகளின் அடியைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். கடன் வாங்கிப் பயிர் வைத்தவரிடம் காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. அந்த வகையில், 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த முடிவு தேவையானதுதான். அதன்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது; 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். அதற்கும் அப்பால் என்றால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுருளி அருவிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை. அவர்கள் காட்டை ஒட்டியே இருக்கிறார்கள்.

என் கவலை தூரத்தைப் பற்றியதல்ல, தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. வேட்டைக்கான தோட்டாக்களில் காலங்காலமாகக் காரீயம்தான் நிரப்பப்படுகிறது. கனமானது, மலிவானது, எளிதில் உருகுவது. ஆனால் வேகமாகப் பாயும் காரீயக் குண்டு எலும்பில் பட்டால், தாளிக்கும்போது கடுகு தெறிப்பதுபோல் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து ஒரு சாண் தாண்டியும் தசைக்குள் போய்த் தங்கும். குண்டு பட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. புளிப்புச் சேர்த்துச் சமைத்தால் காரீயம் இன்னும் எளிதாகக் கரையும்.

இதை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம். அங்கே வேட்டைக்காரர்கள் மான் இறைச்சியை ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குத் தானமாகக் கொடுப்பது வழக்கம். 2008இல் ஒரு மருத்துவர், அவரும் வேட்டைப் பழக்கம் உள்ளவர்தான், அந்தப் பொட்டலங்களை ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் உலோகத் துகள்கள் இருந்தன. மாநில அரசு அந்த இறைச்சியை விநியோகிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடுத்து 736 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டை இறைச்சி சாப்பிட்டவர்களுக்குக் காரீய அளவு சற்றுக் கூடுதலாக இருந்தது. சிறிய வித்தியாசம்தான். ஆனால் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து சிசுவுக்கும் போகும். அங்கே பல வேட்டைக்காரர்கள் செம்புத் தோட்டாவுக்கு மாறியது காரீயத்தால் சாகும் பறவைகளின் மீதுள்ள பரிவால் மட்டுமல்ல, வீட்டில் சாப்பிட உட்காரும் பிள்ளைகளை நினைத்தும்தான்.

நம் ஊரில் யார் பன்றிக்கறி தின்கிறார்கள், சட்டம்தான் தடுக்கிறதே என்று கேட்கலாம். தடுக்கிறது, உண்மைதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சுடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. ஆனால் நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபடுகிறவர்களைப் பற்றிய செய்தி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் புதிதல்ல. கறி சத்தமில்லாமல் பங்கு பிரிந்து எங்கோ ஒரு வீட்டு உலைக்குத்தான் போகிறது. காரீயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்த்தால், தூசியும் புகையும் முதலில் சேர்வது பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கு. வழக்குக்குப் பயப்படாதவரும் இதற்குப் பயப்படுவார். வனத்துறையும் சுகாதாரத் துறையும் இதை மலையடிவார ஊர்களில் சொல்லியிருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் உடலில் ஏற்கெனவே காரீயம் இருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. கவனச் சிதறலும் நடத்தைச் சிக்கல்களும் காரீய அளவோடு சேர்ந்தே கூடின. பெட்ரோலிலிருந்து 2000இல் காரீயத்தை எடுத்தோம். வீட்டுப் பெயின்ட்டுக்கு 2017 நவம்பர் முதல் 90 பி.பி.எம். என்று வரம்பு வைத்தோம். இரண்டிலும் முதலில் வந்த எதிர்வாதம் செலவுதான். தோட்டாவுக்கும் அதையே சொல்வார்கள். செம்புத் தோட்டா விலை கூடுதல் என்பது மெய். பழைய துப்பாக்கிக் குழல்களில் காரீயத்துக்குப் பதில் எஃகுச் சன்னத்தை (சிறு குண்டுகளை) போட முடியாது என்பதும் மெய்.

ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே பன்றியைச் சுட அனுமதிக்கலாம். உரிமம் பெற்ற தனியார் தங்கள் சொந்தத் துப்பாக்கியோடு வருகிறார்கள். குமுளிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொருவர் தோட்டாவையும் மாற்றுவது பெரும்பாடு. இங்கே சுடப்போவது ஒரே துறை, வாங்கப்போவதும் ஒரே துறை. டென்மார்க் 1996இலேயே காரீயச் சன்னத்தை முழுதாகத் தடுத்தது. 2024இல் ரைபிள் தோட்டாவுக்கும் தடையை நீட்டியது. வேட்டை அங்கே நின்றுபோகவில்லை. கலிஃபோர்னியா தன் காண்டர் கழுகுகளைக் காக்க 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் காரீயத்தைத் தடுத்தது. குண்டடிபட்டுத் தப்பியோடிச் செத்த விலங்கைத் தின்றும் அந்தக் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன. 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலையின் ஓரத்தில் அப்படி ஓடி விழும் பன்றியை நரியும் செந்நாயும் தின்னும்.

ஆகவே, துப்பாக்கியோடு வனத்துறையை அனுப்பும் ஆணையிலேயே காரீயமற்ற தோட்டா மட்டுமே வாங்கப்படும் என்று எழுத வேண்டும். உள்நாட்டில் 12 போர் தோட்டா செய்யும் கட்கி தொழிற்சாலையிடம் அரசே செம்பில் செய்து தரக் கேட்கலாம். தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் மலையடிவாரக் குழந்தைகளுக்கு ரத்தக் காரீயச் சோதனையை இலவசமாகத் தொடங்க, இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை.