காலைக் கட்டலாமா?

பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் பறக்கவிட்டு, அது இழுக்கிற இழுப்பில் கடல்மேல் பலகையில் நின்று போகிறார்களே, கைட் சர்ஃபிங் என்று, அந்த விளையாட்டுக்காரர்களுக்குள் வெகு நாளாக ஒரு வழக்கு நடக்கிறது. பலகையில் காலை நுழைத்துக்கொள்ளப் பட்டை வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் வழக்கு. பட்டை இல்லாமல் ஓட்டுகிறவன்தான் வீரன் என்று ஒரு கட்சி. பட்டை இல்லாமல் கடலில் இறங்குவது வீண் வம்பு என்று இன்னொரு கட்சி.

மணலூர்பேட்டைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த தண்ணீர் தென்பெண்ணை. அதிலும் வருடத்தில் பாதி நாள் மணலைத்தான் பார்க்கிறோம். தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது முழங்கால் அளவு தண்ணீர் ஓடினால் அதுவே நமக்குப் பாக்கியம்.

ஆனால் என் மகள் குடும்பம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. பேரன் விடுமுறை கிடைத்தால் ராமேஸ்வரத்துக்குப் போய் இந்த விளையாட்டைப் பழகுகிறான். அந்தத் தீவுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கோடையில் தென்மேற்குக் காற்று, மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று. எந்தக் காற்று அடித்தாலும் ஏதாவது ஒரு கரையில் ஆழம் குறைந்த, அலை அடங்கிய தண்ணீர் கிடைக்கும். அதனால் வெளிநாட்டுக்காரர்களும் அங்கே வந்து பழகுகிறார்கள். இலங்கையில் கற்பிட்டியும் இதே போலப் பெயர் பெற்ற இடம்.

போன முறை மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வழக்கு என்னிடம் வந்தது. பேரன் சொன்னான்: "தாத்தா, ஸ்ட்ராப் எல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. நான் அதைக் கழட்டிடப் போறேன்." மகள் உடனே, "கழட்டுவியா? நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போ. அப்பத்தான் விழமாட்ட. நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் பேரனோடு ராமேஸ்வரம் போய்க் கரையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கற்றுக்கொடுக்கிற பையனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அதன் பிறகு படித்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் முன் விளிம்பு காற்றடைத்த குழாய். அதனால் தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காது, மறுபடி எழுப்பலாம். இந்த யோசனைக்கு 1984இல் காப்புரிமை வாங்கியவர்கள் லெகெய்னூ என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள். பட்டத்திலிருந்து 20 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கயிறுகள் வந்து கையில் இருக்கும் ஒரு கோலில் சேரும். இழுவை முழுவதும் கையில் இல்லை. இடுப்பில் கட்டிய அகலமான பட்டையின் கொக்கியில் அது மாட்டியிருக்கும். காலுக்குக் கீழே பலகை.

பலகை இரண்டு வகை. ஒன்று, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும் பலகை. இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம். திரும்பும்போது காலை மாற்ற வேண்டாம். இதில் பட்டை சாதாரணமாக இருக்கும். இரண்டாவது, மூக்கு கூர்ந்த அலைப்பலகை. இது ஒரு பக்கமாகத்தான் போகும். திரும்பினால் முன்கால் பின்னுக்கும் பின்கால் முன்னுக்கும் மாற வேண்டும். கால் பட்டைக்குள் இருந்தால் இந்த மாற்றம் தடுமாற்றம்தான். அதனால்தான் அலையில் ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் பட்டை வைப்பதில்லை. வீரத்துக்காகக் கழற்றியது என்பதைவிட வசதிக்காகக் கழற்றியது என்பதுதான் பொருத்தம்.

பட்டையின் கதையும் சுவாரசியமானது. பாய்மரம் பொருத்திய பலகையில் ஓடும் விண்ட் சர்ஃபிங்கில்தான் அது முதலில் பரவியது. 1970களின் பின்பாதியில் ஹவாய்த் தீவு இளைஞர்கள் பெரிய அலையில் தாவிப் பார்த்தார்கள். ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் போயிற்று. அதற்காகப் பலகையில் பட்டை வைத்தார்கள். தாவுவதற்கும் வேகத்துக்கும் பட்டை பெரிய உதவி, சந்தேகமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் தடவையாக இந்தப் பட்டப் போட்டி சேர்ந்தது. பந்தயம் நடந்தது மார்செய் கடலில். சிங்கப்பூரைச் சேர்ந்த 17 வயதுப் பையன் மேக்ஸ் மேடர் வெண்கலம் வாங்கினான். அந்தப் பந்தயப் பலகைகளில் கால்பட்டை உண்டு. அவ்வளவு வேகத்தில் போகிற அவர்களையெல்லாம் கத்துக்குட்டி என்று யார் சொல்வது? பேரனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்சம் அடங்கினான்.

மறுபக்கமும் உண்டு. கேப் வெர்டே என்ற சின்னத் தீவு நாட்டைச் சேர்ந்த மிட்டு மொன்டேரோ 2008இல் அலை ஓட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனவர். பட்டை இல்லாமல் ஓட்டுவதில் வழிகாட்டியானவர். பட்டை இல்லாமலே ஆகாயத்தில் தாவுகிறார்கள், பலகை காலை விட்டுப் போவதில்லை. மந்திரம் ஒன்றுமில்லை. பலகையைச் சரியான கோணத்தில் சாய்த்தால் கீழிருந்து அடிக்கும் காற்றே அதைப் பாதத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. ஆனால் அந்தக் கோணம் ஒரு வாரத்தில் வருகிற சமாசாரம் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பரம்பு ஞாபகம் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சேறடித்த கழனியைச் சமன் செய்ய நீளமான பரம்புப் பலகையை இரண்டு மாட்டில் பூட்டி, ஆள் அதன்மேல் ஏறி நிற்பான். மாடு இழுக்கும், பலகை சேற்றில் வழுக்கிக்கொண்டு போகும். முழங்காலை மடக்கி, பாதத்தை அகட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்க வேண்டும். ராமேஸ்வரத்தில் அந்தப் பையன்கள் நிற்கிற நிலையும் அச்சாக அதே நிலைதான். மாட்டுக்குப் பதில் பட்டம், சேற்றுக்குப் பதில் கடல். நான் பார்த்தவரை பரம்பில் யாரும் காலைக் கட்டிக்கொண்டதில்லை. மாடு மிரண்டு ஓடினால் பின்பக்கமாகச் சேற்றில் இறங்கிவிடுவோம். சிரிப்பார்கள், அவ்வளவுதான். காலைக் கட்டியிருந்தால் மாடு வரப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

கடற்கரையிலும் இதே கதைதான். கட்டுமரம் என்று பெயரே இருக்கிறது. மரத்தை மரத்தோடு கட்டினார்கள். மனிதனை மரத்தோடு கட்டவில்லை. அலை புரட்டினால் விலகி விழுந்து, நீந்தி வந்து மறுபடி ஏறுவார்கள்.

குதிரையையும் பாருங்கள். சாஞ்சிச் சிற்பங்களில் குதிரைக்காரன் காலுக்குச் சின்ன வளையம் ஒன்று தெரிகிறது. பெருவிரலை மட்டும் நுழைக்கும் வளையம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். முழுப் பாதத்தையும் தாங்கும் அங்கவடி கி.பி. 4ஆம் நூற்றாண்டில் சீனாவில் வந்துவிட்டது. அங்கவடி வந்த பிறகுதான் குதிரைமேல் நின்று சண்டை போடுவது சுலபமாயிற்று. அதோடு ஒரு புது ஆபத்தும் வந்தது. விழுந்தவன் கால் வளையத்தில் சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். பிடிமானம் கொடுக்கிற பொருளே பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

கைட் சர்ஃபிங்கில் இது எப்படி நடக்கிறது? ஆள் விழுகிறான். பலகை தண்ணீரில் குத்தி நிற்கிறது. இடுப்பைப் பட்டம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. மேல் உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நடுவில் முறுகுவது முழங்கால். முழங்காலுக்குள் இருக்கிற தசைநார் அறுந்தால் எத்தனை மாதம் படுக்கையும் பயிற்சியும் என்பது, அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். பட்டையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு இந்த ஆபத்து. இறுக்கிக் கட்டினால் விழமாட்டான் என்று மகள் நினைத்தது தாய் மனது. ஆனால் கற்றுக்கொள்கிறவன் விழத்தான் செய்வான். இறுக்கினால் விழுவது நிற்காது. விழும்போது கால் வெளியே வருவதுதான் நிற்கும்.

இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். இடுப்பில் பட்டத்தை மாட்டும் இடத்தில் ஓர் அவசரப் பிடி இருக்கிறது. ஆபத்து என்றால் அதைத் தள்ளிவிட்டால் போதும், பட்டம் பலமிழந்து விழுந்துவிடும். ராமேஸ்வரத்துப் பையன் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். பட்டம் ஏற்றுவதற்கு முன்பே கரையில் நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிடியைத் தொடச் சொல்கிறான். ஆனால் காலில் அப்படி ஒரு பிடி கிடையாது. கால்பட்டைக்கு அவசரப் பிடி அதன் தளர்ச்சிதான். இந்த வழக்கில் என் தீர்ப்பு முழுக்க இந்த ஒரு வரியில் அடக்கம்.

அப்படியானால் கழற்றியே விடலாமே என்று பேரன் கேட்டான். கழற்றினால் என்ன ஆகும்? கற்றுக்கொள்கிறவன் தண்ணீரில் மல்லாந்து கிடந்து, பலகையைக் காலில் வைத்து, பட்டம் இழுக்கும் அந்தக் கணத்தில் எழ வேண்டும். பட்டை இருந்தால் பலகை அந்த நேரத்தில் நழுவாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பலகை ஒரு பக்கம் போகும், இவன் ஒரு பக்கம் போவான். பட்டத்தின் இழுப்பிலேயே தண்ணீரில் படுத்தபடி காற்றை எதிர்த்து நகர்ந்து போய்ப் பலகையை எடுத்துவர வேண்டும். அந்த வித்தை கைவராதவன் பட்டையைக் கழற்றக் கூடாது. பலகை தொலையுமே என்று சிலர் பலகையைக் கயிற்றால் உடம்போடு கட்டுகிறார்கள். அது இன்னும் மோசம். பட்டம் ஆளை இழுக்க, பலகை தண்ணீரில் பின்தங்க, கயிறு ரப்பர் போல நீண்டு, பலகை திரும்பி வந்து தலையில் அடிக்கும். வெறும் அலைச்சறுக்கில் காலில் கயிறு கட்டுவது வழக்கம், அங்கே இழுக்கப் பட்டம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தண்ணீரின் பலத்தை நாம் அறியாதவர்கள் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்தபோது தென்பெண்ணை என்ன செய்தது என்பதைக் கரையோரத்து ஜனங்கள் பார்த்தோம். தண்ணீரோடும் காற்றோடும் விளையாடுகிறவன், தோற்றால் விலகிக்கொள்ள ஒரு வழி வைத்துக்கொண்டுதான் விளையாட வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. கற்றுக்கொள்கிற காலத்தில் பட்டை இருக்கட்டும், ஆனால் தளர்வாக இருக்கட்டும். பூட்ஸ் மாதிரி முழுக்காலையும் பூட்டி வைக்கும் சாதனங்கள் பழகினவர்களுக்கு மட்டும். பலகையை விட்டால் திரும்ப எடுக்கும் வித்தை கைவந்த பிறகு, அலைப்பலகைக்கு மாறுகிறவன் பட்டை இல்லாமல் தாராளமாக ஓட்டட்டும். அதுவும் அழகான ஓட்டம்தான், கரையிலிருந்து பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனால் பட்டை வைத்தவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கேலிக்குப் பயந்து கழற்றுகிற பட்டைதான் ஆளைக் கொல்லும்.

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இந்த மாதிரி விளையாட்டுக்கு அனுப்புகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. போகாதே என்று சொல்லி இந்தக் காலத்தில் யாரையும் நிறுத்த முடியாது. இறுக்கிக் கட்டிக்கொள் என்றும் சொல்லாதீர்கள். கற்றுக்கொடுக்கிற இடத்துக்கு ஒரு தடவை நேரில் போங்கள். மணலில் உட்கார வைத்து, பட்டைக்குள் காலை விடச் சொல்லி, பலகையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லத் தூக்கினால் பலகை காலோடு வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கால் தானாக வெளியே வந்துவிட வேண்டும். ராமேஸ்வரத்தில் அந்தப் பையன் என் எதிரிலேயே அப்படிச் செய்து, பேரன் பட்டையை ஒரு விரற்கடை தளர்த்தினான். மகளுக்கும் போனில் அதைச் சொன்னேன். அவளுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. எனக்கும்தான். ஆனால் காலைப் பூட்டி அனுப்பியிருந்தால் இந்த அளவுகூட நிம்மதி இருந்திருக்காது.