கலியின்மேல் போட்ட பழி

போர்டிக்சன் வட்டாரத்தில் ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் இறந்துபோனால், துக்க வீட்டுக் கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அரை மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கலி முத்திப் போச்சு. மனுசனுக்கு ஆயுசு குறைஞ்சுகிட்டே வருது. தோட்டத்துல நம்ம தாத்தாமாருங்க நூறு வயசு வரைக்கும் கல்லாட்டம் நடந்தாங்க. எல்லாம் உலகம் அழியப்போறதுக்கு அடையாளம். செத்தவருக்குப் பன்னிரண்டு வருடமாக இனிப்புநீர் இருந்தது, மருந்தை நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டார், கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸில் கிடந்தார் என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் இடம்பெறாது. யாராவது எடுத்துச் சொன்னாலும், "அது ஒரு சாக்குதான் தம்பி, விதி" என்று பெரியவர் ஒருவர் வாயை அடைத்துவிடுவார்.

லுக்குட்டிலிருந்து லிங்கி வரை இந்தப் பேச்சைக் கேட்கலாம். கோயில் திருவிழாவில் கேட்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பட்டதாரிகளே அனுப்பிவைக்கிறார்கள். அப்பாவித்தனமான நம்பிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட எனக்கு மனமில்லை. அது பொய், பொய்யாக இருப்பதோடு ஆட்களைச் சாகவும் விடுகிறது.

பஞ்சாங்கத்தை நம்புகிறவர்களுக்குப் பஞ்சாங்கத்திலிருந்தே தொடங்குவோம். கலியுகம் பிறந்தது கி.மு. 3102இல். அதன் மொத்த நீளம் 432,000 ஆண்டுகள். கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம். கலியை நூறு வயது வாழப்போகும் ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றேகால் வயதுகூட நிறையவில்லை. பல் முளைக்கும் பருவத்தில் இருப்பதைப் பார்த்து முத்திப் போச்சு என்று சொல்வது எந்தச் சாத்திரம்? மனுவின் கணக்கில் கிருத யுகத்தில் ஆயுள் நானூறு. யுகத்துக்கு நூறாகக் குறைந்து கலியில் நூறு. அப்படியே எடுத்துக்கொண்டாலும், ஐம்பத்தைந்தில் போனவருக்கு நாற்பத்தைந்து ஆண்டு பாக்கி இருந்தது. அதை எடுத்துக்கொண்டது யார் என்று துக்க வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இனி அந்த நூறு வயதுத் தாத்தாக்களுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்த இந்தியர்களில், ஆயிரத்துக்கு அறுபது பேருக்கு மேல் அந்த ஒரே ஆண்டில் மாண்டார்கள். போர்டிக்சன் இருக்கும் நெகிரி செம்பிலானும் அந்த நான்கு மாநிலங்களில் ஒன்று. இன்றைய மலேசியாவில் முதியோர், குழந்தைகள் எல்லாரையும் சேர்த்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஆறு பேர் அளவில்தான் இறக்கிறார்கள். அன்று செத்தவர்களோ பெரும்பாலும் இளவட்டங்கள். கங்காணி பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கப்பலேற்றிய, உழைக்கும் வயதுக்காரர்கள். அவர்களுக்குப் பேரன் பிறக்கவில்லை. பேரன் இல்லாத தாத்தாவைப் பற்றித் துக்க வீட்டில் யார் பேசுவார்கள்? தொண்ணூறு வரை இருந்த ஒரு கிழவரை ஊரே நினைவு வைத்திருக்கிறது. லயத்துக்குப் பின்னால் காய்ச்சலில் புதைந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை. மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு அந்தக் காலத்து ஆயுளைப் பேசுகிறோம்.

அந்தத் தொண்ணூறும் எவ்வளவு நம்பத்தக்கது? 1948இல் அவசரகாலத்தின்போது நாடு முழுக்க அடையாள அட்டை கொடுத்தார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் பலரிடம் பிறப்புப் பத்திரம் ஏது? பஞ்சத்துக்கு முன்னாடி பொறந்தேன், கப்பலேறும்போது மீசை அரும்பியிருந்துச்சு என்கிற குத்துமதிப்புதான் வயதாக ஏறியது. அப்படி ஏறிய வயதை வைத்துக்கொண்டு பரம்பரைப் பெருமை பேசுவதை நான் சிரித்துக்கொண்டே கேட்பேன், ஆனால் சாட்சியாக ஏற்க மாட்டேன்.

அன்றைய இளவட்டங்கள் செத்தது கலியால் அல்ல, பெரும்பாலும் கொசுவால். இதில் ஒரு கொடுமையான நுட்பம் இருக்கிறது. கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலில், தேங்கிய நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது போய்விடும். 1901 முதல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் டாக்டர் மால்கம் வாட்சன் இதைச் செய்து காட்டினார். மலைப்பாங்கான தோட்டங்களிலோ கதை தலைகீழ். அங்கே இருந்த கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். கித்தா மரம் நடுவதற்காகக் காட்டை அழித்து ஓடையைத் திறந்துவிட்டதும் அதற்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அதாவது சாவைத் தோட்டமே பயிரிட்டது. அந்த ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட வேண்டும், அல்லது அவற்றில் எண்ணெய் தெளிக்க வேண்டும். வாட்சன் அதையும் கண்டுபிடித்துச் சொன்னார். துரைமார் பலர் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். வந்திறங்கும்போதே நோஞ்சான்கள், அதனால்தான் சாகிறார்கள் என்று பழியைச் செத்தவர்கள்மேலேயே போட்டார்கள். இன்று நாம் கலியின்மேல் போடுகிறோம். பழி போகும் இடம் மாறியிருக்கிறது; செலவு செய்ய வேண்டியவன் தப்பித்துக்கொள்வது மாறவில்லை.

இந்த மாநிலத்திலேயே நடந்த இன்னொரு கதை இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. பெரிபெரி என்ற நோய் அக்காலத்தில் சீனத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால் வீங்கி, மரத்து, இதயம் நின்றுவிடும். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களை அது ஏறக்குறையத் தொடவே இல்லை. கடவுள் தமிழனுக்குத் தனி வரம் கொடுத்தாரா? சிரம்பானில் அரசு மருத்துவராக இருந்த பிரேடன் அடுப்படியைப் பார்த்தார். சீனர்கள் தின்றது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. 1907இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார். அதே ஆண்டு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய அரிசி தின்ற பிரிவில் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னாளில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வைத்தார்கள். நம் பாட்டிமார் நெல் அவித்ததில் ஆயுள் இருந்தது, சாதகத்தில் இல்லை.

1957இல் சுதந்திரம் வந்தபோது மலாயாவில் பிறந்த ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 56 வயது, பெண் குழந்தைக்கு 58. இன்று நாட்டின் சராசரி எழுபத்தைந்தை ஒட்டி இருக்கிறது. இரண்டு தலைமுறைக்குள் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு கூடியிருக்கிறது. கலி உண்மையிலேயே ஆயுளைக் குறைக்க வந்தது என்றால், இதைவிட மோசமாகத் தன் வேலையைச் செய்தவன் யாருமில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? ஒன்று இருக்கிறது. மலேரியாவிலும் பேதியிலும் தப்பி அறுபதைத் தாண்டிய அந்தக் காலத்துப் பால்மரத் தொழிலாளிக்கு இனிப்புநீர் அரிது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேடு பள்ளம் ஏறி இறங்கி, நடந்தே வாழ்ந்தவர். அவர் பேரன் பாதுகாவலர் வேலையில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்துகொண்டு, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கை நாளுக்கு நாலு முறை குடிக்கிறார். 2019இன் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. புள்ளிவிவரத் துறையின் ஆயுள் அட்டவணையில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரில் நம் எண்ணே தாழ்ந்தது. நம் ஆண்களின் எண் எழுபதைத் தொடவில்லை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கலி எல்லாருக்கும் பொது என்றால், ஒரே கடற்கரையில், ஒரே காற்றில் வாழும் சீனருக்கு மட்டும் ஏன் அது இத்தனை ஆண்டு சலுகை காட்டுகிறது? கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரும் இதற்குப் பதில் சொன்னதில்லை. சம்பளம், சாப்பாடு, சம்சு, தோட்டம் துண்டாடப்பட்டபோது எங்கே போய் விழுந்தோம் என்ற கேள்வி எல்லாம் இதற்குள் இருக்கின்றன. கலி என்ற ஒற்றைச் சொல் அவை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

உலகம் அழியப்போகிறது என்ற மறுபாதிக்கும் இதே கதிதான். போர்டிக்சன் கடற்கரையில் நின்று நேர் மேற்கே பாருங்கள். நீரிணைக்கு அப்பால், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், சுமத்ராவின் தோபா ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. மனித இனம் தோன்றியபிறகு பூமியில் நடந்த மிகப் பெரிய எரிமலை வெடிப்பு அதுதான். பேரா மாநிலம் லெங்கோங்கில், கோத்தா தம்பான் என்ற இடத்தில், கற்கருவி செய்துகொண்டிருந்தவர்களின் பட்டறையே அந்தச் சாம்பலுக்குள் கிடைத்தது. மனித குலம் சில ஆயிரம் பேராகச் சுருங்கிவிட்டது என்றுகூட ஒரு கருத்து இருந்தது. ஆனால் ஆந்திராவில் அப்போதைய கர்நூல் மாவட்டத்து ஜுவாலாபுரத்தில் தோண்டியபோது, சாம்பல் படலத்துக்குக் கீழே இருந்த கருவிகளைப் போன்றவையே அதற்கு மேலேயும் கிடைத்தன. வானமே இருண்டு சாம்பலாகக் கொட்டியிருக்கிறது. ஆட்கள் இருந்திருக்கிறார்கள், மறுபடி கல்லைத் தட்டிக் கத்தி செய்திருக்கிறார்கள். அவர்களில் யாராவது முத்திப் போச்சு என்று உட்கார்ந்திருந்தால் அவர்கள் வழியில் நாம் வந்திருக்க மாட்டோம்.

அழிவே வராது என்று நான் சொல்லவில்லை. சூரியனின் ஒளி மெல்லக் கூடிக்கொண்டே போகிறது. சுமார் 100 கோடி ஆண்டில் கடல் நிற்காத அளவுக்குப் பூமி சூடாகும் என்று கணக்கிடுகிறார்கள். 500 கோடி ஆண்டு வாக்கில் சூரியனே ஊதிப் பெருக்கும். மனிதன் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது; அந்தச் செலவுக்கு இப்போதே பயந்து கடையை மூட வேண்டியதில்லை. அதற்கு முன் விண்கல் வரலாம். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் வந்தது டைனோசர்களை முடித்தது. டைனோசர்களிடம் தொலைநோக்கி இல்லை. நம்மிடம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நாசா அனுப்பிய டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே போய் மோதி, அது தன் இணைச் சிறுகோளைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்தது. வானத்துக் கல் ஒன்றின் போக்கை மனிதன் மாற்றியது அதுவே முதல் தடவை. 2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமிக்கு 32,000 கிலோமீட்டர் அளவில் நெருங்கிக் கடந்துபோகும். மோதாது. அன்றைக்கும் நம் வாட்ஸ்அப் குழுக்கள் என்ன அனுப்பும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அழிவு எப்போதும் நம்மீதுதான் வரும் என்பதுமில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வேப்பிலை கட்டி, வாசலை மூடி, ஆத்தா இறங்கியிருக்கா என்று நடுங்கிய பெரியம்மை இன்று உலகில் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அதை அறிவித்தது. மனிதன் திட்டமிட்டு ஒரு நோய்க் கிருமியை ஊர் உலகத்திலிருந்தே விரட்டினான், அதுவும் முத்திப் போனதாகச் சொல்லப்படும் இந்தக் கலியில். ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றுவது நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம்.

கலிப் பேச்சுக்கு மறுகோடியில், அமெரிக்கப் பணக்காரர்கள் சிலர் மூப்பையே நோயாக்கி, நூற்றைம்பது வரை வாழப்போவதாகக் காசைக் கொட்டுகிறார்கள். பிரான்ஸின் ஜான் கால்மோன் அம்மையார் 1997இல் 122 வயதில் இறந்தார். ஆவணத்தோடு உறுதியான எல்லை இதுவரை அதுதான். அந்தப் பணக்காரர்கள் பேச்சில் பாதி வியாபாரம். ஆனாலும் கலிப் பேச்சைவிட அது நேர்மையானது: சோதித்துப் பார்த்து, தவறு என்றால் தவறு என்று சொல்லிவிட முடியும். கலியை எந்த இரத்தச் சோதனையில் பிடிப்பீர்கள்?

நூற்றைம்பது நமக்கு இப்போது வேண்டாம். பக்கத்து வீட்டுச் சீனர் வாழும் வயது வரைக்கும் வாழ்ந்தால் போதும். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில நிமிடக் காத்திருப்பு. அடுத்த துக்க வீட்டில் பெரியவர் கலி முத்திப் போச்சு என்று ஆரம்பிக்கும்போது, "அண்ணே, உங்களுக்கு இனிப்பு எவ்வளவு? கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்பதாக இருக்கிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.