காபட்டைக் காட்டாதீர்கள், மண்ணறிக்கையைக் காட்டுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனாலும் அடுத்த மாரிக்கு முன்னர் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

நம் ஊர்களில் ஒரு வீதி எப்படிப் பிறக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் பெனர் வரும். பிறகு அடிக்கல், பொன்னாடை, போட்டோ. அதன்பின் டிப்பரில் கிரவல் வந்து கொட்டும், ரோலர் ஓடும், காபட் விழும். முகநூலில் மாஷா அல்லாஹ் குவியும். இரண்டு மாரி கடந்ததும் அதே வீதியில் பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து வளைந்து ஓட்டோ ஓடும். அப்போது கொந்தராத்துக்காரருக்கு ஏச்சு விழும், தாருக்குக் குறை வரும், அரசியல்வாதிக்குத் திட்டு விழும். தாருக்குக் கீழே கிடப்பது என்ன மண் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்கச் சொல்வது அதை மட்டும்தான். புதிய வீதிக்கு அடிக்கல் வைக்க வருகிறவர்களிடம் ஒரு கேள்வி: இந்த மண்ணைச் சோதித்த அறிக்கை எங்கே?

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நமது ஊர்கள் பெரும்பாலும் கடலோர மணல் திட்டில் கிடக்கின்றன. அதிலிருந்து மேற்கே கொஞ்சத் தூரம் போனால் வட்டை. அங்கே களி. மாரியில் ஊறி உப்பும், கோடையில் காய்ந்து பாளமாக வெடிக்கும். பழைய தோணாக்கள் தூர்ந்த இடங்களில் களியைவிட மோசமான கறுப்புச் சேறு இருக்கும். வயல் செய்கிற எந்த வாப்பாவைக் கேட்டாலும் எந்த இடத்தில் கால் புதையும் என்று விரல் நீட்டிக் காட்டுவார்.

ஆகவே ஊருக்குள்ளிருந்து வட்டைப் பக்கம் போடுகிற ஒரு வீதி இரண்டு மூன்று வகை மண்ணைக் கடக்கிறது. மணலில் இருக்கிற பகுதி நிற்கும். களியில் இருக்கிற பகுதி தாழும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் காபட் வெடிக்கும், வெடிப்பால் தண்ணீர் இறங்கும், கீழே இன்னும் இளகும். இந்த முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பில் கிரவல் போடுவது, பெருநாளைக்கு வாப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போன்றது.

மண்ணைச் சோதிப்பது பெரிய வித்தையல்ல. டி.சி.பி என்று ஒரு கருவி இருக்கிறது. 8 கிலோ சுத்தியல் 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழும். ஒவ்வோர் அடிக்கும் கூம்பு முனைக் கம்பி மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். இரண்டு மூன்று பேர் வீதியோரத்தில் வைத்தே செய்துவிடலாம்.

அடுத்தது சி.பி.ஆர். 1920களின் இறுதியில் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறை உருவாக்கிய சோதனை இது. உடைகல்லின் தாங்கு சக்தியை 100 என்று வைத்து, நம் மண் அதில் எத்தனை வீதம் தாங்கும் என்று பார்ப்பார்கள். முக்கியமான விசயம், சோதிக்கும் முன்னர் மண்ணை 4 நாட்கள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதாவது, நான்கு நாள் வெள்ளம் நின்றால் நீ எவ்வளவு தாங்குவாய் என்று அந்த மண்ணிடம் கேட்பார்கள். கல்முனைக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி உண்டா? ஊறிய களி 2, 3 என்ற அளவுக்கு இறங்குவது சாதாரணம். அந்த எண் கையில் இருந்தால்தான் களியைத் தோண்டி மாற்றுவதா, சுண்ணாம்பு கலந்து இறுக்குவதா, கிரவலை எத்தனை படையாகப் போடுவதா என்று முடிவெடுக்க முடியும். எண் இல்லாமல் போடுகிற வீதி வெறும் ஊகம்.

மேலே ஓடுகிற பாரத்தையும் பாருங்கள். 1958 தொடக்கம் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொறிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது. அச்சில் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது அதிலிருந்து வந்த கணக்கு. அறுவடைக் காலத்தில் நெல் லொறியும் மணல் டிப்பரும் ஓடுகிற வட்டை வீதியை மோட்டார் சைக்கிள் கணக்கில் போட்டால் எத்தனை நாளைக்கு நிற்கும்?

இதைவிடப் பாரதூரமானது தண்ணீர். நமக்கு மேற்கிலிருந்து வருகிற வெள்ளம் கிழக்கே கடலுக்குப் போக வேண்டும். அதற்குக் குறுக்கே உயர்த்திப் போடுகிற எந்த வீதியும் ஓர் அணைக்கட்டுத்தான். மதகு போதாவிட்டால் ஒரு பக்கம் வயல் அழியும், இல்லையென்றால் தண்ணீர் வீதிக்கு மேலால் பாயும். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கிற கிட்டங்கித் தாம்போதி மாரியில் மூழ்கி, சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பது நாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன காட்சி.

2024 நவம்பர் 26 நமக்குப் பழகிப்போகக் கூடாது. காரைதீவு – மாவடிப்பள்ளியில் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளம், மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு இழுத்துச் சென்றது. நாட்கணக்கில் ஜனாஸாக்களைத் தேடினோம். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. கத்ர் மீது நமக்கு ஈமான் உண்டு. ஆனால் வெள்ளம் எந்த மட்டத்துக்கு வரும், வீதி எந்த மட்டத்தில் இருக்க வேண்டும், எத்தனை மதகு வேண்டும் என்று அளப்பது மனிதன் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் கத்ர் என்று கையை விரிப்பது தவக்குல் ஆகாது.

மூன்று பதில்கள் வரும் என்று தெரியும்.

"கேள்வி கேட்டால் காசு திரும்பிப் போயிடும்." மண்ணைச் சோதிக்க ஆகும் செலவு வீதிக்கு ஆகும் செலவில் சின்னப் பங்குதான். சோதிக்காமல் போட்ட வீதியை மறுபடி போட எந்தக் காசு வரும்? அதுவும் நமது வரிதான்.

"அது இஞ்ஜினியர் வேலை, உங்களுக்கென்ன தெரியும்?" சரியாகச் சொன்னீர்கள், அவர் வேலைதான். அவர் செய்ததைக் காட்டச் சொல்கிறோம். இரத்தம் சோதித்தால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறோம். அதற்காக நாம் டொக்டராகிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

"அதிகம் பேசினால் வீதி பக்கத்து ஊருக்குப் போயிடும்." நம்மை வாய்மூட வைக்கிற பழைய மருந்து இது. சாய்ந்தமருதுவா கல்முனைக்குடியா, முஸ்லிம் ஊரா தமிழ் ஊரா என்று வெள்ளம் பார்ப்பதில்லை. ஒரு ஊரில் மதகில்லாமல் போட்ட வீதி அடுத்த ஊர் வயலை மூழ்கடிக்கும்.

ஒலுவிலைப் பாருங்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். அதன்பின் ஒரு பக்கம் கடல் கரையை அரித்தது, தென்னையும் காணியும் போயின. மறுபக்கம் துறைமுக வாயிலை மணல் மூடியது. திறப்பு விழாப் போட்டோக்கள் இப்போதும் அழகாகத்தான் இருக்கின்றன.

பாதையில் கிடக்கிற இடைஞ்சலை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பாதையையே இடைஞ்சலாகப் போடுகிறவர்களிடம் வாய் திறக்காமல் இருந்தால், அந்தப் பாடத்துக்கு என்ன அர்த்தம்?

ஆகவே நாம் வேண்டுவது இவைதான். ஒவ்வொரு புதிய வீதிக்கும் மண் சோதனை முடிவும் வெள்ள மட்டமும் மதகுகளின் எண்ணிக்கையும் வேலை தொடங்கும் முன்னர் தமிழில் பலகையில் எழுதப்பட வேண்டும். பெயர்ப்பலகைக்கு இடம் இருக்கிறது என்றால் இதற்கும் இருக்கும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் விவசாய அமைப்புகளும் அடிக்கல் விழாவுக்கு அழைப்பு வரும்போது முதலில் அறிக்கையைக் கேட்க வேண்டும். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்லியாக வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபையானாலும் மாநகர சபையானாலும் பிரதேச சபையானாலும் சட்டம் ஒன்றுதான்.

உங்கள் மஹல்லாவில் இப்போது வேலை நடக்கிற, அல்லது நடக்கப்போவதாகச் சொல்கிற வீதியின் பெயரைக் கீழே எழுதுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தருவது நம் பொறுப்பு. கையெழுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.