கையுறைக் காலத்தின் தொடக்க ஹெவிவெயிட்கள்: தரவரிசைக்கு எது அளவுகோல்?

மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, கையில் உறை, விழுந்தவருக்குப் பத்து எண்ணும் அவகாசம் என்ற குத்துச்சண்டையின் குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளியாயின. ஹெவிவெயிட் பட்டம் அந்த விதிகளுக்குள் வந்து சேரக் கால் நூற்றாண்டு பிடித்தது. ஜான் எல். சல்லிவன் 1882இல் பாடி ரயனை வென்றதும், 1889இல் மிசிசிப்பியின் ரிச்பர்க்கில் 75 சுற்றுகள் மோதி ஜேக் கில்ரெய்னை வென்றதும் வெறுங்கையால்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று அவர் ஆடியவை பெரும்பாலும் கையுறைச் சண்டைகள். 1892 செப்டம்பர் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஜேம்ஸ் ஜே. கார்பெட் 21ஆம் சுற்றில் அவரை வீழ்த்தியது முதல், 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் ஜெஸ் வில்லர்ட் ஜாக் ஜான்சனை 26ஆம் சுற்றில் வீழ்த்தியது வரையிலான காலத்தைத் தொடக்கக் கையுறைக் காலம் என்று கொள்ளலாம்.

இக்காலத்து வீரர்களை வரிசைப்படுத்த முனைவோர் முதலில் கைவைப்பது பட்டத்தின் வழித்தடத்தில்தான்: கார்பெட், ஃபிட்ஸிமன்ஸ், ஜெஃப்ரிஸ், ஹார்ட், பர்ன்ஸ், ஜான்சன். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே அது நம்பகமானதாகிவிடாது. யாரோடு மோதுவது என்பதை அன்று பட்டதாரரே முடிவு செய்தார்; முதல்நிலைப் போட்டியாளரைச் சந்தித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த எந்த அமைப்பும் இல்லை. ‘தி ரிங்’ இதழின் ஆண்டுத் தரவரிசை தொடங்கியதே 1925இல். ஆகவே பட்டம் மாறிய கதையோடு, யாருக்கு அது மறுக்கப்பட்டது என்ற கதையையும் சேர்த்துப் படிக்காத எந்தப் பட்டியலும் பாதிப் பட்டியல்தான்.

பீட்டர் ஜாக்சன் இதற்கு முதல் சான்று. டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து சிட்னியில் வளர்ந்த அவர் 1886இல் ஆஸ்திரேலிய வாகையர். 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் காட்ஃப்ரேயை வென்றார். கறுப்பினத்தவரோடு மோதுவதில்லை என்று சல்லிவன் வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். 1891 மே 21 அன்று கார்பெட்டோடு ஜாக்சன் 61 சுற்றுகள் ஆடினார். இருவரும் ஓய்ந்துபோன நிலையில் நடுவர் முடிவின்றிச் சண்டையை நிறுத்தினார். அடுத்த ஆண்டு மே மாதம் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஃபிராங்க் ஸ்லாவினை ஜாக்சன் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். அதற்கு மூன்று மாதம் கழித்துப் பட்டம் வென்றவர் கார்பெட். மறுமோதலுக்கான பேச்சு, எங்கே நடத்துவது என்ற தகராறில் முறிந்தது. 1898இல் ஜெஃப்ரிஸிடம் மூன்றே சுற்றில் தோற்ற ஜாக்சன், ஆறு ஆண்டுகளாகப் பெரிய சண்டை எதுவும் காணாத, உடல் தளர்ந்த மனிதர். அடுத்த மூன்றாண்டுகளில் காசநோயால் இறந்தார். அந்தத் தோல்வியை 1892 வெற்றிக்குச் சமமாக நிறுத்துப் போடுவது, எண்கணிதத்தை நம்பும் தரவரிசைகள் வழக்கமாகச் செய்யும் பிழை.

அடுத்த தலைமுறையில் இதே நிலை சாம் லாங்ஃபோர்டுக்கு. நோவா ஸ்கோஷியாவில் பிறந்த அவர் 1903இல் லைட்வெயிட் வாகையர் ஜோ கான்ஸைப் பட்டம் சாராத மோதலில் வென்றவர். பின்னர் ஒவ்வொரு எடைப்பிரிவாக மேலேறி ஹெவிவெயிட்களைச் சாய்த்தவர். 1906 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் செல்சியில் ஜான்சன் அவரை 15 சுற்றுகளில் புள்ளிகளால் வென்றார். அன்று லாங்ஃபோர்ட் ஏறத்தாழ 30 பவுண்டு எடை குறைந்தவர், வயதிலும் இளையவர். அவர் முழு வளர்ச்சி பெற்றபின் ஜான்சன் மறுமோதலுக்கு இசையவில்லை. நிறத்தின் பேரால் பல ஆண்டுகள் வாசலில் நிறுத்தப்பட்ட ஜான்சன், பட்டம் கைக்கு வந்தபின் லாங்ஃபோர்டையும் ஜோ ஜெனட்டையும் சாம் மெக்வேயையும் அதே வாசலில் நிறுத்தினார். 1913இல் பாரிஸில் அவர் வாய்ப்பளித்த கறுப்பின வீரர் பேட்லிங் ஜிம் ஜான்சன். அது சமநிலையில் முடிந்தது.

முடிவுகளைப் படிப்பதிலும் கவனம் தேவை. பல மாநிலங்களில் சட்டமே வெற்றியாளரை அறிவிக்கத் தடை விதித்தது. நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை நடந்த சண்டைகள் அப்படிப்பட்டவை. இருவரும் நின்றபடி முடித்தால் அதிகாரபூர்வ முடிவு இல்லை. மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியதே தீர்ப்பு, பந்தயப் பணமும் அதன்படியே கைமாறியது. ஒரே சண்டைக்கு இரண்டு நாளேடுகள் இரண்டு வெற்றியாளர்களை அறிவித்ததும் உண்டு. 1909இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான்சனும் ஜாக் ஓ’பிரையனும் ஆடிய ஆறு சுற்றுச் சண்டை பட்டியல்களில் இன்னும் ‘முடிவில்லை’ என்றே நிற்கிறது. நடுவர் ஒருவரே தீர்ப்பளித்த இடங்களிலும் சிக்கல் தீரவில்லை: 1905இல் மார்வின் ஹார்ட் 20 சுற்றுகளில் ஜான்சனை ‘வென்றது’, முன்னேறித் தாக்குபவருக்குக் கூடுதல் மதிப்பளித்த அக்கால வழக்கத்தின் விளைவு. அதைத் தோல்வி என்று குறிக்கலாம். தரத்துக்குச் சான்றாக்க முடியாது.

எடையைப் பொறுத்தவரை, ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு இல்லை. 1897இல் கார்சன் சிட்டியில் 14ஆம் சுற்றில் கார்பெட்டின் மேல்வயிற்றில் ஒரே குத்து விட்டுப் பட்டம் பறித்த பாப் ஃபிட்ஸிமன்ஸ் 167 பவுண்டு அளவே இருந்தார். இன்றைய கணக்கில் மிடில்வெயிட்டுக்குச் சற்று மேல். 1899இல் ஜெஃப்ரிஸிடம் அவர் தோற்றபோது எடை வேறுபாடு சுமார் 40 பவுண்டு. 1902 மறுமோதலில் ஜெஃப்ரிஸின் முகத்தைக் கிழித்து, எட்டாம் சுற்றில்தான் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 39.

கார்சன் சிட்டி சண்டை முழுவதும் படமாக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியே எஞ்சியுள்ளது. கைப்பிடி சுற்றி எடுத்த அக்காலச் சுருள்களைத் தவறான வேகத்தில் ஓட்டிப் பார்த்து, ‘இவர்களுக்குக் கால்வேலையே தெரியாது’ என்று தீர்ப்பெழுதுவோர் இன்றும் உண்டு. நூறாண்டு கடந்த படச்சுருளில் ஒருவரின் பாணி தெரியும், வேகம் தெரியாது. நீண்ட கட்டிப்பிடியும் அடக்கமான குத்தும் 20, 25, 45 சுற்றுச் சண்டைக்கான சிக்கனம் என்பதையும் பார்ப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

‘தி ரிங்’ நிறுவனர் நேட் ஃப்ளெய்ஷரின் புகழ்பெற்ற பட்டியலில் முதல் மூவர் ஜான்சன், ஜெஃப்ரிஸ், ஃபிட்ஸிமன்ஸ். ஜோ லூயிக்கே ஆறாம் இடம், லாங்ஃபோர்டுக்கு ஏழாம் இடம். 1887இல் பிறந்த ஃப்ளெய்ஷருக்குக் கார்சன் சிட்டி சண்டையின்போது வயது ஒன்பது. அப்படியிருந்தும் பின்வந்தோர் பலர் அவர் சொல்லையே வேதமாக்கிவிட்டதுதான் குறை.

மேற்சொன்னவற்றை நிறுத்துப் பார்த்தால் ஜான்சனை முதலிடத்திலிருந்து அசைக்க முடியாது: 1908இல் சிட்னியில் பர்ன்ஸ், 1910இல் ரீனோவில் ஓய்விலிருந்து திரும்பிய ஜெஃப்ரிஸ் என்ற இரண்டு வெற்றிகளைக் காட்டிலும், பட்டத்துக்கு முன்பே லாங்ஃபோர்ட், ஜெனட், மெக்வே மூவரையும் அவர் வென்றிருந்தது வலுவான சான்று. இரண்டாம் இடம் லாங்ஃபோர்டுக்கு. பட்டதாரராக இருந்த ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் கறுப்பின வீரர் எவருக்கும் பட்ட வாய்ப்பளிக்காத ஜெஃப்ரிஸ் மூன்றாவது. சக ஹெவிவெயிட் ஷார்க்கியோடு ஆடிய 25 சுற்றுகள் அவர் அதற்குக் கீழே போக இடமளிக்கவில்லை. ஃபிட்ஸிமன்ஸும் ஜாக்சனும் அடுத்தடுத்து. கார்பெட்டின் கலை பெரிது, வெற்றிகள் சில, ஆறாம் இடம். சல்லிவனின் உச்சம் இக்காலத்துக்கு முந்தியது என்பதால் அவரைத் தனியே வைப்பதே முறை. ஜெனட், மெக்வே, ஷார்க்கி மூவரும் பர்ன்ஸுக்கு மேல். லண்டன், டப்ளின், பாரிஸ் என்று பட்டத்தைத் தூக்கிச் சென்று ஆடிய துணிச்சலுக்காகப் பர்ன்ஸ் ஹார்ட்டுக்கு மேல்.