கணக்கின் பேரில் கடன்

மின்சார ரயிலில் அம்பத்தூரைத் தாண்டித் திருமுல்லைவாயில், அண்ணனூர் என்று எண்ணிக்கொண்டே வந்தால் ஆவடி வந்துவிடுகிறது. 1955 ஜனவரியில் இவ்விடத்தில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயமே தேசத்தின் லட்சியமென்று தீர்மானித்தது. அவ்வருஷம் ஜூலை முதல் தேதியே இம்பீரியல் பாங்கி, ஸ்டேட் பாங்கியாக மாறிற்று. பின்னால் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தது.

ஆனால் பட்டறை நடத்தப் பணம் வேண்டாமா? அம்பத்தூர்வாசி ஒருவர் பாங்கியில் 100 ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1991-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதில் 15 ரூபாய் ரிஸர்வ் பாங்கியில் முடங்கும். 38½ ரூபாய் பெரும்பாலும் ஸர்க்கார் கடன் பத்திரங்களுக்குப் போய்விடும். விவசாயி, வியாபாரி, பட்டறைக்காரர் எல்லோருக்குமாக மிச்சம் 46½ ரூபாய்! வரவுக்கு மேல் செலவு செய்த ஸர்க்காருக்கு இது கேளாமலே கிடைத்த கைமாற்று.

அப்படியும் பள்ளம் நிரம்பவில்லை. 1991 ஜூலையில் ரிஸர்வ் பாங்கியின் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன் இங்கிலாந்து பாங்கிக்கு ஈடாகச் சென்றது. நகைப் பெட்டி வாசற்படி தாண்டிய வீட்டின் நிலையை நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

டிசம்பரில் உலக பாங்கி 50 கோடி டாலர் கடன் கொடுக்க இசைந்தது. இது அணை கட்டக் கொடுக்கும் கடனைப் போன்றதல்ல. சிமெண்டு வாங்கிய ரசீதைக் காட்டினால் போதாது. பற்றாக்குறையைக் குறைத்தோம், லைஸென்ஸ் கட்டுகளைத் தளர்த்தினோம் என்று காட்டவேண்டும். காட்டினால் பணம் நேரே பொக்கிஷத்தில் சேரும். அதாவது, ஈடு தங்கமல்ல, நம் நடத்தை.

சுயராஜ்ய தேசம் அன்னியரிடம் கணக்குப் புஸ்தகத்தை நீட்டுவதா என்று பலர் கொதித்தார்கள். நமக்கும் உறுத்தாமலில்லை. கடன் கொடுத்த பெரியப்பா சமையற்கட்டு வரையில் வந்து எட்டிப் பார்த்தால் யாருக்குப் பிடிக்கும்? இருந்தாலும் ஒரு விஷயத்தை மறைப்பது நியாயமல்ல. ரிஸர்வ் பாங்கியின் முன்னாள் கவர்னர் ஸ்ரீ எம். நரசிம்மம் தலைமையில் நம்மவர்களே கூடி, அந்த 38½-ஐ 25 ஆக்க வேண்டுமென்று நவம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். 1997-ல் அது நடந்தது. நோயை நாமே கண்டுபிடித்திருந்தோம். கசப்பு மருந்தை விழுங்கத்தான் பிறர் வற்புறுத்தல் வேண்டியிருந்தது போலும்!

அதே அறிக்கையில் வேறொரு யோசனையும் இருந்தது. விவசாயத்துக்கும் சிறு தொழிலுக்கும் பாங்கிகள் தங்கள் கடனில் நூற்றுக்கு 40 ஒதுக்கவேண்டுமென்ற விதியை 10 ஆகக் குறைக்கலாம் என்பது. ஸர்க்கார் இதற்கு இணங்கவில்லை. 40 இன்றும் 40-தான். நம் அபிப்பிராயத்தில் அவ்வருஷங்களில் செய்த மிக நல்ல காரியம் இந்த மறுப்பே. இணங்கியிருந்தால் அம்பத்தூர்ச் சிறு பட்டறைகளில் எத்தனை பிழைத்திருக்குமோ!

38½ இப்போது 18 ஆகிவிட்டது. மிச்சப்பட்ட ரூபாய் உங்களிடம் வந்து சேர்ந்ததா என்று லேத்துப் பட்டறைக்காரர் ஒருவரைக் கேட்டோம். "வருகிறது, ஸார். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவா என்கிறார்கள்" என்றார். பத்திரம் மனைவியின் பேரில் இருக்கிறதாம். அந்த அம்மாள் இன்னும் சம்மதிக்கவில்லை.