லென்ஸுக்கு ஆன்மா எதற்கு?

பழைய பிலிம் கேமரா லென்ஸ்களை இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் பொருத்திப் படமெடுக்கும் வழக்கம் ஒளிப்பட ஆர்வலர்களிடையே பரவியபோது மகிழ்ந்தவர்களுள் நாமும் உண்டு. அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது அவ்வழக்கத்தைப் பற்றி எழுதப்படும் உரைநடை. பழைய லென்ஸுக்கு ஆன்மா உண்டு, புதியது உயிரற்ற கண்ணாடி என்று இலக்கியம் பயின்ற நண்பர்களே எழுதுகிறார்கள். கவிதை விமர்சனத்தில் எவரேனும் ஆன்மா என்ற சொல்லை எடுத்தால் அது எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டு மடக்குகிறவர்கள், கண்ணாடித் துண்டு என்றதும் கைகூப்பிவிடுகிறார்கள். (வில்லை என்றெழுதத்தான் நமக்கும் விருப்பம். ஆனால் விற்பவரும் பழுதுபார்ப்பவரும் படமெடுப்பவரும் லென்ஸ் என்றே சொல்வதால் அப்படியே விடுகிறோம்.)

ஆன்மா குடியிருப்பதாகச் சொல்லப்படுபவற்றுள் முதலிடம் ஹீலியோஸ் 44-2க்கு. 58 மி.மீ., எஃப் 2. போருக்கு முன் ஜெர்மனியின் யேனா நகரில் சைஸ் நிறுவனம் வடிவமைத்த பயோட்டார் லென்ஸைப் பின்பற்றிச் சோவியத் ஆலைகள் செய்தது. ஜெனிட் கேமரா வாங்கியவர்க்குக் கூடவே கிடைத்தது. லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளப்பட்ட, ஏழையின் லென்ஸ். முழுத் திறப்பில் வைத்து, பின்னால் இலைகள் அடர்ந்த மரம் இருக்கும்படி ஒருவரைப் படமெடுத்தால், பின்னணி அவரைச் சுற்றிச் சுழல்வது போலத் தோன்றும். இதைத்தான் ஆன்மா என்கிறார்கள். நடப்பதோ எளிய ஒளியியல். படத்தின் ஓரங்களுக்குச் சாய்ந்து செல்லும் ஒளிக்கற்றையின் ஒரு பகுதியை லென்ஸின் உலோகக் கூடே மறித்துவிடுகிறது. ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒளிப்புள்ளி நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் பூனைக்கண் வடிவிலும் விழுகிறது. ஓரங்களில் சரிவரத் திருத்தப்படாத பிறழ்ச்சிகளும் சேர்ந்துகொள்ள, பூனைக்கண்கள் மையத்தைச் சுற்றி அணிவகுக்கின்றன. அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆன்மாவைத் தேடுகிறவர்களில் பலரிடம் இருப்பது ஏபிஎஸ்-சி அளவிலான சிறிய உணரி கொண்ட கேமரா. அதில் 58 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 87 மி.மீ. லென்ஸின் பார்வைக்கோணத்தையே தரும். சுழற்சி மிகுந்திருக்கும் ஓரங்கள் வெட்டுப்பட்டுப் போகும். அப்படியானால் ஆன்மா எங்கே? உணரியின் எல்லைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறதா?

சூப்பர் டாகுமார் 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸ்களில் பலவற்றுக்குத் தோரியம் கலந்த கண்ணாடி. அது ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகிறது. அந்த மஞ்சளையும் காலத்தின் பொன்னொளி என்று போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புறஊதாக் கதிர் படும்படி சில வாரங்கள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் வெளியேறிவிடும் ஆன்மாவை என்னென்பது!

மறுதரப்பில் இதையெல்லாம் குப்பை என்பவர்கள். அவர்களோடு நமக்கு அதிக வழக்கில்லை. கூர்மையிலும், எதிரொளியைத் தாங்குவதிலும், வேகத்திலும் இன்றைய லென்ஸ் மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தாலி கட்டும் நொடியைப் பதிவுசெய்ய வேண்டியவரிடம் கையால் ஃபோகஸ் செய்யச் சொல்வது பாவம்.

நாம் பேச விரும்புவது அழகைப் பற்றியன்று, மரையைப் பற்றி. ஹீலியோஸின் பின்புறம் உள்ள திருகுமரை 42 மி.மீ. விட்டமுடையது, ஒவ்வொரு சுற்றுக்கும் 1 மி.மீ. ஏறும். மவுண்டிலிருந்து பிலிம் வரையிலான தூரம் 45.46 மி.மீ. இதன் பெயர் எம்42. 1949இல் ஜெர்மனியின் காண்டாக்ஸ் எஸ், பிராக்டிகா கேமராக்களில் வந்தது. பின்னர் ஜப்பானின் பென்டாக்ஸும் யாஷிகாவும் ஃப்யூஜிகாவும், சோவியத்தின் ஜெனிட்டும் இதையே கைக்கொண்டன. பனிப்போரின் இரு பக்கமும் செய்த லென்ஸ்கள் ஒரே மரையில் ஏறின. ஒரு நாட்டுக் கண்ணாடியை இன்னொரு நாட்டுக் கருவியில் திருக எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

இதற்கு எதிர்க்கதை 1987இல் நடந்தது. கேனன் நிறுவனம் தன் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு, மின்தொடர்பு கொண்ட இஎஃப் மவுண்டுக்கு மாறியது. தானியங்கி ஃபோகஸுக்கு அது தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எஃப்டியின் தூரம் 42 மி.மீ., இஎஃப்பின் தூரம் 44 மி.மீ. அந்த 2 மி.மீ. வேறுபாட்டால், இடையில் திருத்தக் கண்ணாடி இல்லாமல் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தினால் தொலைவிலுள்ள எதுவும் ஃபோகஸுக்கு வராது. சேமித்து வாங்கியவர்களின் லென்ஸ்கள் ஒரே நாளில் அநாதையாயின. அவற்றை மீட்டது எந்த நிறுவனத்தின் கருணையுமன்று. கண்ணாடிப் பெட்டி நீக்கப்பட்ட மிரர்லெஸ் கேமராக்கள் 2008 முதல் வரத் தொடங்கியதும் மவுண்டுக்கும் உணரிக்கும் இடையிலான தூரம் குறைந்தது; சோனியில் அது 18 மி.மீ. எம்42 லென்ஸைப் பொருத்த 27.46 மி.மீ. நீளமுள்ள வெற்றுக்குழாய் போதும். அதில் கண்ணாடியும் இல்லை, மின்சுற்றும் இல்லை. 2018இல் கேனனே 20 மி.மீ. தூரமுள்ள ஆர்எஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. தான் கைவிட்ட லென்ஸுக்கு 31 ஆண்டுகள் கழித்துத் தானறியாமல் கதவு திறந்தது.

தமிழைக் கணினியில் எழுதியவர்களுக்கு இது புரியாத சங்கதியன்று. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் என்றிருந்த நாட்களில் தட்டச்சிட்ட கட்டுரைகளை, எழுத்துரு தொலைந்த பிறகு திறந்து பார்த்து, கேள்விக்குறிகளையும் கிறுக்கல்களையும் கண்டு திகைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! யூனிகோடு வந்ததும் நாம் பெற்றது எழுத்தின் அழகையா? இல்லை. இன்னொருவர் தயவின்றி நம் எழுத்தை நாமே படிக்கும் உரிமையை. எம்42இன் பெருமையும் அத்தகையதே.

சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவரின் ஜூம் லென்ஸ் நின்றுபோயிற்று. கண்ணாடியில் கீறலில்லை, பூஞ்சையில்லை. ஆயினும் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் எதுவும் அசையாது. அந்த வளையம் உள்ளே இருக்கும் மோட்டாருக்கு ஆணையிடுவது மட்டுமே, ஆணையைக் கொண்டுசெல்லும் மின்பலகை பழுது. பலகைக்கு உதிரி கிடையாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பழுதுபார்க்கும் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். நல்ல கண்ணாடி, பலகை இறந்ததால் தானும் இறந்தது. மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து அவர் பின்னர் வாங்கிய ஹீலியோஸும் அசையாமல்தான் இருந்தது. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் திருகுகளைக் கழற்றி, மரையில் உறைந்திருந்த கிரீஸை வழித்துப் புதிது தடவிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை.

ஆன்மா உரைநடை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதே நம் குற்றச்சாட்டு. ஏழையின் லென்ஸ் அதனால் விலையேறுகிறது. அதைவிட மோசம், நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமல் போவது. மவுண்டின் அளவுகளையும் மின்தொடர்பு முறையையும் ஏன் எல்லோருக்கும் வெளியிடக்கூடாது? மின்சாரம் இல்லாதபோதும் திரும்பும் ஃபோகஸ் வளையம் ஏன் இருக்கக்கூடாது? ஆன்மாதான் வேண்டுமென்றால் அதைப் புதிதாகவே செய்து விற்பார்கள். 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் கணித்த லென்ஸின் சுழற்சியை லோமோகிராஃபி நிறுவனம் 2013இல் மறுவார்ப்புச் செய்து கூட்டுநிதி திரட்டியதே!

அப்படியானால் சுழலும் இலைகளை ரசிக்கக்கூடாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தாராளமாக ரசிக்கட்டும், நாமும் ரசிக்கிறோம். அம்மாணவர் தம் பாட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி எடுத்த இருபது படங்களைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றில்தான் ஃபோகஸ் சரியாக விழுந்திருந்தது. அந்த மூன்றும் நன்றாக இருந்தன. சுழற்சி எதிலும் இல்லை. அவருடைய கேமராவின் உணரி சிறியது.