பள்ளிக் கணினிகளும் சர்க்காரின் கடமையும்

தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்திருப்பதும், ஏழை வீட்டுப் பிள்ளைகள் அங்கே பாடம் கற்கவும் பரீட்சை எழுதவும் வாய்ப்புப் பெற்றிருப்பதும் சந்தோஷத்துக்குரிய விஷயங்கள். ஆனால் கணினியை வாங்கி மேஜைமேல் வைத்ததோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. அதனுள் இயங்கும் மென்பொருள்களைக் காலாகாலத்தில் புதுப்பிக்கும் பொறுப்பைத் தனித்தனி ஆசிரியர்களின் தலையில் கட்டாமல், தலைமையிடத்திலிருந்து வலையமைப்பு வழியே சர்க்காரே ஏற்று நடத்த வேண்டும் என்பதும், அப்படி நடத்துங்கால் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பாமல் படிப்படியாகவே அனுப்ப வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

இன்று பல பள்ளிகளில் நடப்பது என்ன? புதிய மென்பொருள் ஒன்று வந்ததென்றால், கணினி ஆசிரியர் அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, முதல் கணினியில் செருகி, கடவுச்சொல்லைத் தட்டி, நிறுவி முடியும்வரை காத்திருந்து, அணைத்து மீண்டும் இயக்கிப் பார்த்து, அப்புறமே அடுத்த கணினிக்கு நகர்கிறார். பாதி ஆய்வகத்தைக் கடக்குமுன் பாடவேளை முடிந்து மணி அடித்துவிடுகிறது. அந்தப் பென் டிரைவில் வைரஸ் குடிபுகுந்திருந்தாலோ, அதை ஆய்வகம் முழுவதற்கும் தம் கையாலேயே பரப்பியவராகிறார். மாணவர் செய்த மாறுதல்களை அழித்து, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினியைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் காப்பு மென்பொருள் சில ஆய்வகங்களில் உண்டு. அதை முன்கூட்டி நிறுத்திவைக்க மறந்தாரானால், அவர் பட்ட பாடெல்லாம் மறுநாள் காலையில் மாயமாகிவிடும். கற்பிக்க வேண்டியவரின் காலம் இவ்வாறு விரயமாவது நியாயமல்ல.

புதுப்பிக்காமல் விட்டால் விளையும் ஆபத்தை 2017 ஆம் ஆண்டில் உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது. விண்டோஸில் இருந்த ஒரு குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 ஆம் தேதியே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகளில் மே 12 ஆம் தேதி 'வானாகிரை' என்னும் தீநிரல் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல, நோயாளிகளின் சிகிச்சையையே ஒத்திப்போட நேர்ந்தது. திருத்தம் இருந்தது, அதை உரிய இடங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

அதற்காக, வந்த திருத்தத்தை வந்த கணமே எங்கும் அனுப்பிவிடுவதுதான் விவேகம் என்று முடிவு கட்டுவதும் பிழை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் பிழையான புதுப்பிப்பு ஒன்றை உலகெங்கும் ஒரே வீச்சில் அனுப்பி, ஒன்றரை மணி நேரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றும், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின, விமானங்கள் கிளம்பவில்லை. தூரத்திலிருந்து விளைந்த கேட்டைத் தூரத்திலிருந்தே நீக்க இயலாமல், பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து, குறிப்பிட்ட கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

இவ்விரண்டு அநுபவங்களும் காட்டும் மார்க்கம் ஒன்றே. எந்தப் புதுப்பிப்பும் முதலில், பள்ளிகளில் உள்ள அதே ரகக் கணினிகளைக் கொண்ட சோதனைக்கூடத்திலும், பிறகு மாவட்டத்துக்குச் சில பள்ளிகளிலும், அங்கே சில நாட்கள் பழுதின்றி ஓடியதன் பின்னரே மற்றப் பள்ளிகளிலும் நிறுவப்பட வேண்டும்; பிழை தென்பட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழி முன்னதாகவே தயாராக இருக்க வேண்டும். இருபது கணினிகள் தனித்தனியே ஒரு ஜிபி வீதம் இறக்கினால் பள்ளியின் இணைய இணைப்பு இருபது ஜிபி சுமக்க வேண்டும். ஆய்வகத்தின் சர்வர் ஒருமுறை இறக்கி உள்வலையமைப்பில் பங்கிட்டால் ஒரு ஜிபியே போதும். பள்ளியைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிடும் ஊர்களில் நள்ளிரவுப் புதுப்பிப்பு வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆதலால் நேரத்தை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியரே குறிக்கவும், பரீட்சை நாட்களில் ஒத்திவைக்கவும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும்.

அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் அபாயமும் அங்கே குவியும் என்ற ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. தலைமைச் சர்வர் பகைவர் கைக்குப் போனால் எல்லாப் பள்ளிகளும் அகப்பட்டுக்கொள்ளும்; மாணவர் திரையை ரகசியமாக நோட்டமிடவும் அதே வசதி உதவும். இதற்குப் பரிகாரம், இரண்டு அதிகாரிகளின் ஒப்புதலும் மின் கையொப்பமும் இல்லாமல் எதுவும் வெளியேறாதபடி விதி செய்வதும், கண்காணிப்பைப் புதுப்பிப்பு வேலையிலிருந்து அறவே பிரித்துவைப்பதும், எந்த நாளில் எது மாற்றப்பட்டது என்பதைப் பள்ளிகளுக்குத் தமிழில் தெரிவிப்பதுமே ஆகும். அண்டையிலுள்ள கேரளத்தில் 'கைட்' என்னும் அரசு நிறுவனம், உபுண்டுவை ஆதாரமாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கெனத் தொகுத்து வழங்குகிறது. பொதுவான தளம் ஒன்று இருந்தால் சோதனையும் சுலபம், செலவும் குறைவு.

எனவே, கணினிகளுக்கு இனிக் கோரப்படும் ஒவ்வொரு ஒப்பந்தப் புள்ளியிலும், அவை உபயோகத்தில் இருக்கும் காலம் முழுவதற்கும் புதுப்பிப்புப் பராமரிப்பு கட்டாய நிபந்தனையாக இடம்பெற வேண்டும். தூரத்து ஏற்பாடு வந்துவிட்டது என்ற சாக்கில் பள்ளியிலுள்ள கணினி ஆசிரியரின் பணியிடம் ஒன்றுகூடக் குறைக்கப்படலாகாது. திரை முடங்கும் நாளில் அதன் முன்னால் உட்காரக்கூடியவர் அவர் ஒருவரே. கல்வித்துறை இவ்விரண்டையும் அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அரசாணையாகவே பிறப்பிக்க வேண்டும்.